ப்ராக்ஸி வழியாக இணையத்தில் உலவுவோர் தம் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது எப்படி

ஒரு கல்லூரியின் கணினி ஆய்வகத்தைச் சில ஆண்டுகள் நான் கவனித்துக்கொண்டேன். அங்கிருந்த கணினிகள் எல்லாவற்றுக்கும் இணையம் ஒரே வாசல் வழியாகத்தான் வந்தது. ஸ்க்விட் என்னும் ப்ராக்ஸி மென்பொருள் (நடுவில் நின்று கோரிக்கைகளைக் கைமாற்றுவது) ஓடிய பழைய சர்வர் ஒன்றே அந்த வாசல். மாணவர்கள் திறக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் அந்த சர்வரின் பதிவுக் கோப்பில் ஒரு வரி சேரும். எந்த நேரம், எந்தக் கணினி, எந்த முகவரி, எத்தனை பைட் என்பதெல்லாம் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும். இணைய வேகம் ஏன் குறைகிறது என்று பார்ப்பதற்காக ஒரு நாள் அந்தக் கோப்பைத் திறந்தபோது, ஒரே கணினியிலிருந்து அடுத்தடுத்து ஏழெட்டு வரிகள் ஒரு நோயின் பெயரைத் தாங்கிய பக்க முகவரிகளாக இருந்ததைக் கண்டேன். அந்த நேரத்தில் அந்த இருக்கையில் யார் அமர்ந்திருந்தார் என்பது வருகைப் பதிவேட்டில் இருந்தது. நான் அதைத் தேடிப் பார்க்கவில்லை. ஆனால் பார்க்க நினைத்திருந்தால் இரண்டு நிமிட வேலைதான். ப்ராக்ஸியை நடத்துபவருக்கு என்னவெல்லாம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்கு முழுமையாக உறைத்தது.

அதே கோப்பில் வேறு வகை வரிகளும் இருந்தன. வங்கித் தளத்தையோ மின்னஞ்சலையோ திறந்த கணினிகளின் வரிகளில் பக்க முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 'கனெக்ட்' என்ற சொல்லும், தளத்தின் பெயரும், 443 என்ற போர்ட் எண்ணும் (இணைப்பு எந்தச் சேவைக்கானது என்பதைக் காட்டும் எண்) மட்டுமே காணப்பட்டன. எந்தப் பக்கம், என்ன எழுதினார்கள், என்ன படித்தார்கள் என்பது எதுவும் இல்லை. எச்டிடிபிஎஸ் என்னும் குறியாக்கம், அதாவது தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்பும் முறை, அங்கே குறுக்கே நின்று காத்தது. இந்த இரண்டு வகை வரிகளுக்கும் இடையில் உள்ள வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியும் எதற்காக என்பது தானாகவே விளங்கிவிடும்.

யாரிடமிருந்து மறைக்க வேண்டும்?

ப்ராக்ஸி என்பது உங்களுக்கும் இணையதளத்துக்கும் நடுவில் நிற்கும் ஒரு சர்வர். நீங்கள் கேட்பதை அது வாங்கித் தன் பெயரில் கேட்கும். கிடைத்ததை உங்களிடம் திருப்பித் தரும். ஆகவே இணையதளம் பார்ப்பது ப்ராக்ஸியின் ஐபி முகவரியைத்தான் (இணையத்தில் ஓர் இணைப்பை அடையாளம் காட்டும் எண்). இவ்வளவுதான் அதன் அடிப்படை வேலை. உங்கள் ஐபி முகவரி தளத்துக்குத் தெரியாமல் போகிறது. அதற்கு ஈடாக, நீங்கள் போகும் இடங்கள் எல்லாம் ப்ராக்ஸிக்குத் தெரிந்துவிடுகின்றன. சாட்சி ஒழிந்துவிடுவதில்லை, வேறொருவர் சாட்சி ஆகிறார். எனவே எந்தச் சேவையையும் தேடுவதற்கு முன்னால், யார் பார்க்கக் கூடாது என்று நினைக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். நீங்கள் போகும் இணையதளமா, உங்களுக்கு இணைப்புத் தரும் நிறுவனமா, ரயில் நிலையத்திலோ விடுதியிலோ உள்ள வைஃபையை நடத்துபவரா, விளம்பர நிறுவனங்களா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொருவருக்கும் வழி வேறு.

இங்கே பலர் தவறவிடும் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். சாதாரண எச்டிடிபி ப்ராக்ஸியோ (வலைப்பக்கங்களுக்கானது) சாக்ஸ்5 ப்ராக்ஸியோ (எந்த வகைப் போக்குவரத்தையும் கடத்துவது) உங்கள் இணைப்பு நிறுவனத்திடமிருந்து எதையும் மறைப்பதில்லை. உங்கள் கணினியிலிருந்து ப்ராக்ஸி வரையிலான பாதையில் 'இந்தத் தளத்துக்கு இணைப்புக் கொடு' என்ற கோரிக்கை வெளிப்படையாகவே போகிறது. நடுவில் இருப்பவர் யார் வேண்டுமானாலும் அந்தத் தளத்தின் பெயரைப் படிக்கலாம். சாக்ஸ்5 என்ற பெயரில் உள்ள 5ஐப் பார்த்து, அது ஏதோ கூடுதல் பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு. 1996இல் வகுக்கப்பட்ட அந்த நெறிமுறையில், வழக்கமாகப் பயன்படுத்தப்படும் வடிவில், குறியாக்கம் என்பது இல்லை. இணைப்பு நிறுவனமோ வைஃபை நடத்துபவரோ பார்க்கக் கூடாது என்பது உங்கள் தேவையானால், உங்களுக்கும் ப்ராக்ஸிக்கும் இடையிலான பாதையே குறியாக்கம் செய்யப்பட்டிருக்க வேண்டும். விபிஎன், டோர் (இவ்விரண்டையும் கீழே விளக்குகிறேன்), எஸ்எஸ்ஹெச் சுரங்கம் (தொலைவிலுள்ள சர்வரோடு குறியாக்கத்தோடு இணையும் வழி), டிஎல்எஸ் (எச்டிடிபிஎஸ்ஸுக்குள் இருக்கும் குறியாக்கம்) மூலம் இணையும் ப்ராக்ஸி ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை.

இது வெறும் ஊகத்தால் வந்த அச்சமன்று. நடுவில் இருப்பவர் பார்ப்பதோடு நிற்காமல் பக்கத்தையே திருத்தவும் முடியும். 2015இல் ஏர்டெல்லின் 3ஜி இணைப்பில் குறியாக்கம் இல்லாத பக்கங்களுக்குள் அந்தப் பக்கத்தின் உரிமையாளர் எழுதாத ஒரு ஸ்கிரிப்ட் (உலாவிக்குள் ஓடும் சிறு நிரல்) செருகப்படுவதைப் பெங்களூரைச் சேர்ந்த நிரலாளர் ஒருவர் கண்டுபிடித்து வெளியிட்டார். இணைப்பு நிறுவனத்தால் அது முடியும் என்றால், முகம் தெரியாத ஒருவர் நடத்தும் இலவச ப்ராக்ஸியாலும் முடியும்.

வகைகளும் அவற்றின் பலவீனங்களும்

முதலில் வலைப்பக்க ப்ராக்ஸி. ஒரு தளத்துக்குப் போய், அங்குள்ள பெட்டியில் நீங்கள் விரும்பும் முகவரியை எழுதினால், அந்தத் தளமே பக்கத்தை எடுத்துவந்து காட்டும். எதையும் நிறுவ வேண்டியதில்லை என்பதால் ப்ரௌசிங் சென்டரிலும் அலுவலகக் கணினியிலும் பலர் நாடுவது இதைத்தான். எல்லா வகைகளிலும் இதுவே மிக ஆபத்தானது என்பது என் உறுதியான எண்ணம். காரணம் எளிது. உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறி, உங்களுக்கும் அந்த ப்ராக்ஸித் தளத்துக்கும் இடையிலான குறியாக்கத்தைத்தான் குறிக்கிறது. ப்ராக்ஸித் தளம் அந்தக் குறியாக்கத்தை அவிழ்த்து, பக்கத்தில் உள்ள ஒவ்வொரு சுட்டியையும் தன் முகவரிக்கு மாற்றி எழுதி, மறுபடியும் கட்டி அனுப்புகிறது. நீங்கள் அங்கே தட்டச்சு செய்யும் கடவுச்சொல் அந்த சர்வரில் எந்த மறைப்பும் இல்லாமல் திறந்து கிடக்கும். அது மட்டுமின்றி, நீங்கள் பார்க்கும் பத்துத் தளங்களும் உலாவியின் கணக்கில் ஒரே தளமாகிவிடுகின்றன. ஆகவே ஒரு தளத்தின் குக்கிகளை (உங்களை நினைவில் வைக்கத் தளம் உலாவியில் இடும் சிறு குறிப்புகளை) மற்றொரு தளம் தொடக் கூடாது என்று உலாவி போட்டிருக்கும் வேலியும் சரிந்துபோகிறது. எங்கும் உள்நுழையாமல், பொதுவான ஒரு செய்தியையோ கட்டுரையையோ படிப்பதற்கு மட்டும் இதைப் பயன்படுத்தலாம். அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாவது, உலாவியின் அமைப்பில் ஐபி முகவரியும் போர்ட் எண்ணும் கொடுத்து இணையும் எச்டிடிபி ப்ராக்ஸி. 8080, 3128 போன்ற போர்ட் எண்களைப் பார்த்தால் பெரும்பாலும் இந்த வகைதான். எச்டிடிபிஎஸ் தளங்களைப் பொறுத்தவரை இது உள்ளே பார்ப்பதில்லை. என் ஆய்வகத்துக் கோப்பில் கண்ட 'கனெக்ட்' வரிகளைப் போலத் தளத்தின் பெயர், நேரம், அளவு ஆகியவை மட்டுமே அதற்குத் தெரியும். குறியாக்கம் இல்லாத பக்கங்களிலோ எல்லாமே தெரியும். இன்னொரு சிக்கலும் உண்டு. இத்தகைய ப்ராக்ஸிகள் பல, கோரிக்கையை அனுப்பும்போது 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற தலைப்பு வரியில் உங்கள் உண்மையான ஐபி முகவரியையும் சேர்த்தே அனுப்பிவிடும். ஸ்க்விட்டில் நாமாக மாற்றாத வரை அதுவே இயல்பு. மறைப்பதாக நம்பிக்கொண்டு, முகவரியை உறையின் பின்புறத்தில் எழுதி அனுப்புவது போன்றது இது. எச்டிடிபிஎஸ் தளங்களுக்குப் போகும்போது குறியாக்கத்துக்குள் கைவைக்க முடியாததால் ப்ராக்ஸியால் இதைச் சேர்க்க இயலாது என்பது ஓர் ஆறுதல்.

மூன்றாவது சாக்ஸ்5. வலைப்பக்கம் மட்டுமின்றி எந்த வகைப் போக்குவரத்தையும் இது கடத்தும். பொதுவாக 1080 போர்ட்டில் இயங்கும். குறியாக்கம் இல்லை என்பதை மேலே சொன்னேன். ஆனால் உங்களுடையதாக ஒரு வாடகை சர்வர் வெளியூரில் இருந்தால், எஸ்எஸ்ஹெச்சில் உள்ள 'டைனமிக் ஃபார்வர்டிங்' வசதியைக் கொண்டு உங்கள் கணினியிலேயே ஒரு சாக்ஸ் வாசலைத் திறந்து, அங்கிருந்து அந்த சர்வர் வரை எல்லாவற்றையும் குறியாக்கத்துக்குள் அனுப்பிவிடலாம். விடுதி வைஃபையிலிருந்து தப்ப இது மிகச் சிறந்த ஏற்பாடு. இணையதளங்களிடமிருந்து தப்ப இது உதவாது. ஏனென்றால் அந்த சர்வரின் ஐபி முகவரியை உங்களைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை, வாடகை ரசீதும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

விபிஎன் என்பது சாதனத்தின் போக்குவரத்து முழுவதையும் குறியாக்கத்தோடு ஒரு நிறுவனத்தின் சர்வருக்குக் கொண்டுசெல்கிறது. டோர் மூன்று கணுக்களை, அதாவது இடையில் நின்று கைமாற்றும் சர்வர்களை, தாண்டிப் போகிறது. முதல் கணுவுக்கு நீங்கள் யார் என்று தெரியும், எங்கே போகிறீர்கள் என்று தெரியாது. கடைசிக் கணுவுக்கு நேர்மாறு. ஆப்பிள் 2021இல் கொண்டுவந்த ஐக்ளவுட் ப்ரைவேட் ரிலே இதே கருத்தை இரண்டு கணுக்களில் செய்கிறது. முதல் கணுவை ஆப்பிளும் இரண்டாவதை வேறொரு நிறுவனமும் நடத்துகின்றன. ஆனால் கட்டணச் சந்தா உள்ளவர்களுக்கே அது கிடைக்கும், உலவும்போது சஃபாரிக்கு மட்டுமே அது பொருந்தும். தெரிந்தவர் ஒருவரே என்பதை இருவராகப் பிரித்து, ஒருவருக்கும் முழுமை தெரியாமல் செய்யும் இந்த வகை ஏற்பாடுகளைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

யாரை நம்புவது?

இலவச ப்ராக்ஸிப் பட்டியல்கள் இணையத்தில் ஏராளம். அவற்றில் உள்ள முகவரிகளில் பல, சரியாக அமைக்கப்படாமல் தற்செயலாகத் திறந்து கிடக்கும் யாரோ ஒருவருடைய சர்வர்களே. வேறு சில, வருபவர்களின் தகவலைத் திரட்டுவதற்காகவே திறந்து வைக்கப்பட்டவை. இரண்டில் எது என்று வெளியிலிருந்து அறிய வழி இல்லை. எனவே அந்தப் பட்டியல்களிலிருந்து ஒன்றை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம் என்றே சொல்வேன்.

இலவசச் செயலிகளின் கதையும் படிப்பினை நிறைந்தது. ஹோலா என்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் சொந்த இணைப்புகளையே லுமினாட்டி என்ற தன் துணைச் சேவை வழியாக வேறு வாடிக்கையாளர்களுக்கு விற்றுவந்தது 2015இல் அம்பலமானது. அதாவது, நீங்கள் மறைவதற்காக நிறுவிய செயலியின் வழியாக முன்பின் அறியாத ஒருவர் உங்கள் வீட்டு ஐபி முகவரியில் இணையத்துக்குப் போய்வருகிறார். அவர் செய்யும் தவறுக்கு முகவரி உங்களுடையது. ஃபேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ நிறுவனத்தின் விபிஎன் செயலியோ, பாதுகாப்பு என்ற பெயரில் நிறுவப்பட்டு, பயனர்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்பதைத் திரட்டித் தந்தது. ஆப்பிளின் விதிகளுக்கு முரணாக இருந்ததால் 2018இல் அது ஆப் ஸ்டோரிலிருந்து விலக்கப்பட்டது.

கட்டணம் வாங்கும் சேவையிலும் 'எதையும் பதிவு செய்வதில்லை' என்ற ஒரு வரியை மட்டும் நம்பக் கூடாது. 2011இல் சோனி பிக்சர்ஸ் நிறுவனத்தின் தளத்தைத் தாக்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர் பயன்படுத்தியது ஹைட்மைஆஸ் என்ற பிரிட்டிஷ் சேவை. நீதிமன்ற ஆணை வந்ததும் அந்த நிறுவனம் இணைப்பு விவரங்களைக் கொடுத்தது. குற்றம் செய்தவர் பிடிபட்டதில் வருந்த ஒன்றுமில்லை. ஆனால் விவரம் இருந்ததால்தான் கொடுக்க முடிந்தது என்பது, அந்தச் சேவையை நேர்மையான காரணத்துக்காகப் பயன்படுத்திய ஒவ்வொருவருக்கும் பொருந்தும். அந்தரங்கக் கொள்கையைத் திறந்து, இணைந்த நேரம், விலகிய நேரம், உங்கள் ஐபி முகவரி ஆகிய மூன்றும் சேமிக்கப்படுகின்றனவா, எத்தனை நாள் என்று தேடிப் படியுங்கள். வெளித் தணிக்கையாளர் ஒருவர் சோதித்து வெளியிட்ட அறிக்கை உண்டா என்றும் பாருங்கள்.

இந்தியாவில் இருப்போர் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். இணையப் பாதுகாப்புக்கான இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 28 ஏப்ரல் 2022 அன்று பிறப்பித்து, அந்த ஆண்டு செப்டம்பர் 25 முதல் விபிஎன் நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்த உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்களும் வாடகை சர்வர் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் சரிபார்க்கப்பட்ட பெயர், முகவரி, தொடர்பு எண், அவருக்கு ஒதுக்கப்பட்ட ஐபி முகவரிகள் முதலியவற்றை, அவர் விலகிய பிறகும் குறைந்தது 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். இதை ஏற்க விரும்பாத எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவில் இருந்த தம் சர்வர்களை அகற்றிக்கொண்டன. ஆகவே ஒரு சேவை இந்தியாவிலேயே சர்வர் வைத்திருப்பதாகச் சொன்னால், இந்த உத்தரவை அது எப்படிக் கையாள்கிறது என்று கேட்டறிந்த பிறகே பணம் கட்டுங்கள்.

உலாவியில் அமைப்பது

அன்றாடம் பயன்படுத்தும் உலாவியிலேயே ப்ராக்ஸியை அமைக்காதீர்கள். அதில் உங்கள் மின்னஞ்சல் திறந்தே இருக்கும், பழைய குக்கிகள் நிறைந்திருக்கும். ஃபயர்பாக்ஸை இதற்கெனத் தனியாக நிறுவுங்கள், அல்லது ஏற்கெனவே இருந்தால் புதிதாக ஒரு ப்ரொஃபைல் உருவாக்குங்கள். ஃபயர்பாக்ஸைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விண்டோஸில் குரோம், கணினி முழுவதற்குமான ப்ராக்ஸி அமைப்பையே எடுத்துக்கொள்ளும். ஃபயர்பாக்ஸுக்கோ தனக்கென ஓர் அமைப்பு இருக்கிறது. அதனால் மற்ற மென்பொருள்களைத் தொந்தரவு செய்யாமல் இந்த ஓர் உலாவியை மட்டும் ப்ராக்ஸி வழியாக அனுப்ப முடிகிறது.

ஃபயர்பாக்ஸின் செட்டிங்ஸில் 'ஜெனரல்' பகுதியின் கடைசிவரை இறங்கினால் 'நெட்வொர்க் செட்டிங்ஸ்' இருக்கும். அதைத் திறந்து 'மேனுவல் ப்ராக்ஸி கான்ஃபிகரேஷன்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். சேவை கொடுத்தது எச்டிடிபி ப்ராக்ஸி என்றால் முதல் பெட்டியில் முகவரியையும் போர்ட் எண்ணையும் எழுதி, எச்டிடிபிஎஸ்ஸுக்கும் இதையே பயன்படுத்து என்ற குறியை இடுங்கள். இந்தக் குறியை மறந்துவிட்டால், இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்ஸில் இருப்பதால், அவை அனைத்தும் ப்ராக்ஸியைத் தொடாமல் நேராகவே போகும். நீங்களோ மறைந்திருப்பதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள். சாக்ஸ் என்றால் சாக்ஸ் பெட்டியில் மட்டும் எழுதி, மற்றவற்றைக் காலியாக விட்டு, 'சாக்ஸ் வி5' என்பதைத் தேர்ந்து, அதன் கீழே உள்ள 'ப்ராக்ஸி டிஎன்எஸ்' என்ற குறி இடப்பட்டிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். ஒரு தளத்தின் பெயருக்குரிய ஐபி எண்ணைக் கேட்பதே டிஎன்எஸ் வினவல். இந்தக் குறி இல்லாவிட்டால் அந்தக் கேள்வி உங்கள் இணைப்பு நிறுவனத்திடம் நேராகப் போய்விடும்.

பிறகு அதே உலாவியின் தனியுரிமைப் பகுதியில் 'எச்டிடிபிஎஸ் ஒன்லி மோட்' என்பதை எல்லாச் சாளரங்களுக்கும் இயக்குங்கள். 2020இலிருந்து ஃபயர்பாக்ஸில் உள்ள இந்த வசதி, குறியாக்கம் இல்லாத பக்கம் வந்தால் திறக்காமல் நிறுத்தி உங்களைக் கேட்கும். ப்ராக்ஸி வழியாகப் போகும்போது இதைவிடப் பயனுள்ள ஒற்றை அமைப்பு எனக்குத் தெரிந்து வேறில்லை.

ஆண்ட்ராய்டு கைபேசியில், வைஃபை இணைப்பைத் திருத்தும் இடத்தில் மேம்பட்ட விருப்பங்களுக்குள் ப்ராக்ஸி இருக்கும். அதைத் திறந்தவுடன், இந்த ப்ராக்ஸியை உலாவி பயன்படுத்தும், மற்றச் செயலிகள் பயன்படுத்தாமல் போகலாம் என்ற குறிப்பு அங்கேயே எழுதியிருப்பதைக் காண்பீர்கள். அதைக் கவனமாகப் படியுங்கள். மேலும் அந்த அமைப்பு அந்த ஒரு வைஃபைக்கு மட்டுமே உரியது. சிக்னல் போய் கைபேசி மொபைல் டேட்டாவுக்கு மாறினால் ப்ராக்ஸி அங்கே வராது. கைபேசியில் அந்தரங்கம் வேண்டுவோர் இந்த அமைப்பை நம்பாமல் விபிஎன்னையோ டோர் உலாவியையோ பயன்படுத்துவதே நல்லது. விபிஎன்னைப் பயன்படுத்தினால், அது அறுந்தால் இணையமும் நின்றுவிடும்படி ஆண்ட்ராய்டின் விபிஎன் அமைப்பிலேயே தடை போட்டு வையுங்கள்.

கசிவு இருக்கிறதா என்று சோதிப்பது

அமைத்து முடித்தவுடன் உலவத் தொடங்கிவிடக் கூடாது. முதலில் ப்ராக்ஸி இல்லாத உலாவியில், ஐபி முகவரியைக் காட்டும் ஒரு தளத்தைத் திறந்து, தெரியும் எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எடுத்துக்காட்டாக அது 203.0.113.25 என்று வைத்துக்கொள்வோம். இப்போது ப்ராக்ஸி உள்ள உலாவியில் அதே பக்கத்தைத் திறந்தால் 198.51.100.7 என்பது போல வேறொரு எண் வர வேண்டும். அத்துடன் நிறுத்தாமல், கோரிக்கைத் தலைப்புகளைக் காட்டும் தளம் ஒன்றை எச்டிடிபி முகவரியில் இந்த ஒரு முறை மட்டும் திறந்து, 'வயா', 'எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார்' என்ற வரிகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். 203 என்று தொடங்கும் உங்கள் பழைய எண் அங்கே எங்காவது தென்பட்டால், அந்தச் சேவையை அப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்தது டிஎன்எஸ் கசிவுச் சோதனை. இதற்கென உள்ள தளங்களில் ஒன்றைத் திறந்தால், உங்களுக்காகப் பெயர்களைத் தேடித் தந்த சர்வர்களின் பட்டியல் வரும். அதில் உங்கள் இணைப்பு நிறுவனத்தின் பெயர் இருந்தால், மேலே சொன்ன டிஎன்எஸ் குறியைத் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

மூன்றாவது வெப்ஆர்டிசி. உலாவிக்குள்ளேயே காணொளி அழைப்புக்காக வைத்திருக்கும் இந்த வசதி, இரு முனைகளையும் நேரடியாக இணைக்க வேண்டியிருப்பதால், ப்ராக்ஸியைச் சுற்றிக்கொண்டு வெளியே போய் உங்கள் உண்மையான ஐபி முகவரியைக் கேட்டுவந்து பக்கத்தில் உள்ள ஸ்கிரிப்டிடம் கொடுத்துவிடக்கூடியது. எச்டிடிபி ப்ராக்ஸியால் இந்த வகைப் போக்குவரத்தைக் கடத்தவே முடியாது என்பதால், கசிவது இங்கேதான் அதிகம். ஃபயர்பாக்ஸின் முகவரிப் பட்டையில் about:config என்று எழுதினால் திறக்கும் உள் அமைப்புப் பக்கத்தில் 'பியர்கனெக்ஷன்' (peerconnection) என்று தேடினால் 'மீடியா' என்று தொடங்கி 'எனேபிள்ட்' என்று முடியும் அமைப்பு (media.peerconnection.enabled) வரும். அதை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிடுங்கள். காணொளி அழைப்பு அந்த உலாவியில் வேலை செய்யாது. அதற்கு உங்கள் வழக்கமான உலாவி இருக்கிறது.

விபிஎன் பயன்படுத்துவோர் ஐபிவி6ஐயும் (பழைய ஐபிவி4க்குப் பின் வந்த புதிய வகை ஐபி முகவரி) சோதிக்க வேண்டும். ஜியோ போன்ற வலையமைப்புகளில் ஐபிவி6 பரவலாக இருக்கிறது; விபிஎன் ஐபிவி4ஐ மட்டும் கடத்தினால், ஐபிவி6 வழியாகப் போகும் எல்லாம் உங்கள் உண்மையான முகவரியோடுதான் போகும்.

சான்றிதழ் எச்சரிக்கை

ப்ராக்ஸியை இயக்கிய பிறகு, இதுவரை ஒழுங்காகத் திறந்துகொண்டிருந்த ஒரு தளத்தில் சான்றிதழ் (தளம் உண்மையானதுதான் என்று உலாவிக்குக் காட்டும் அத்தாட்சி) சரியில்லை என்ற எச்சரிக்கை வந்தால், அதைத் தாண்டிச் செல்லாதீர்கள். நடுவில் ஒருவர் குறியாக்கத்தை அவிழ்க்கப் பார்க்கிறார் என்பதற்கு அதுவே முதல் அறிகுறி. அதைவிட மோசமானது, எச்சரிக்கை வராமல் இருக்க எங்கள் ரூட் சான்றிதழை நிறுவிக்கொள்ளுங்கள் என்று ஒரு சேவையே கேட்பது. அதை நிறுவிவிட்டால், எந்தத் தளத்தின் பெயரிலும் பொய்ச் சான்றிதழ் தயாரிக்கும் உரிமையை அவர்களுக்கு நீங்களே கொடுத்துவிட்டதாகப் பொருள். பூட்டுக் குறி எப்போதும் போல இருக்கும், உள்ளே இருப்பதை அவர்கள் படித்துக்கொண்டிருப்பார்கள். 2019இல் கசகஸ்தான் அரசு தன் மக்களை இப்படி ஒரு சான்றிதழை நிறுவச் சொன்னபோது, கூகுள், மோசில்லா, ஆப்பிள் ஆகிய மூன்றும் தத்தம் உலாவிகளில் அதைச் செல்லாததாக்கின. உங்களுக்காக அப்படித் தடுக்க யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணியே நடந்துகொள்ளுங்கள். அலுவலகக் கணினியில் நிறுவனமே இத்தகைய சான்றிதழை நிறுவியிருக்கலாம். ஆகையால் சொந்த விஷயங்களை அலுவலகக் கணினியில் பார்க்காமல் இருப்பதே வழி.

குறியாக்கத்தைக் கைவிட்டால் என்ன நேரும் என்பதற்கு 2007இல் நடந்ததை எண்ணிப் பாருங்கள். ஸ்வீடனைச் சேர்ந்த பாதுகாப்பு ஆய்வாளர் டான் எகர்ஸ்டாட், டோர் வலையமைப்பில் ஐந்து கடைசிக் கணுக்களைத் தாமே நடத்தி, அவற்றின் வழியே போனதைக் கவனித்தார். பல நாட்டுத் தூதரகங்களின் மின்னஞ்சல் முகவரிகளும் கடவுச்சொற்களும் அப்படியே கண்ணில் பட்டன; அவர் வெளியிட்ட 100 கணக்குகளில் இந்தியத் தூதரகங்கள் சிலவற்றின் கணக்குகளும் இருந்தன. டோர் உடைக்கப்படவில்லை. டோருக்குள் இருக்கும் வரைதான் அதன் குறியாக்கம் காக்கும். கடைசிக் கணுவிலிருந்து தளம் வரையிலான தூரத்துக்கு எச்டிடிபிஎஸ் போன்ற இன்னொரு குறியாக்கம் வேண்டும் என்பதை அந்தக் கணக்குகளைப் பயன்படுத்தியவர்கள் அறியவில்லை. அயலுறவுக் கடிதங்களைக் கையாண்டவர்களுக்கே இது தெரியாமல் போனது என்பதை நினைக்கும்போது, சாதாரணப் பயனருக்கு எடுத்துச் சொல்ல வேண்டிய கடமை எவ்வளவு பெரியது என்று தோன்றுகிறது.

ஐபி மறைந்தாலும் நீங்கள் தெரிவது

ப்ராக்ஸி வழியாகப் போய் உங்கள் ஜிமெயில் கணக்கில் உள்நுழைந்தால், நீங்கள் யார் என்பதை நீங்களே சொல்லிவிடுகிறீர்கள். அதே உலாவியில் அதன்பின் நீங்கள் பார்ப்பவையும் அந்தக் கணக்கோடு சேர்ந்துவிடலாம். இன்காக்னிடோ சாளரம் இதற்கு மருந்தாகாது. அது கணினியில் தடயத்தை அழிக்குமே தவிர, வெளியே போவதை மறைக்காது.

உள்நுழையாவிட்டாலும் உலாவிக்கு ஒரு கைரேகை இருக்கிறது. திரையின் அளவு, எழுத்துருக்கள், மொழி, நேர மண்டலம் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தே உங்களை அடையாளம் காண முடியும். அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் 2010இல் வெளியிட்ட ஆய்வில், சோதித்த சுமார் 4,70,000 உலாவிகளில் 83.6 விழுக்காடு தனித்துத் தெரிந்தன. தமிழ்ப் பயனர்களுக்கு இதில் கூடுதல் இடர் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் உள்ள ப்ராக்ஸி வழியாக வருபவரின் கணினி நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முன்னே இருந்தால், அவர் இந்தியாவிலோ இலங்கையிலோ இருக்கிறார் என்பது தளத்துக்குத் தெரிந்துவிடும். உலாவியின் மொழி தமிழ் என்று இருந்தால் வட்டம் இன்னும் சுருங்கும். பழைய ஆவணங்களுக்காகப் பாமினி போன்ற எழுத்துருக்களைக் கணினியில் நிறுவியிருந்தால், அவை இருப்பதை ஒரு ஸ்கிரிப்ட் எழுத்துகளின் அகலத்தை அளந்தே கண்டுகொள்ளும். அத்தகைய கணினிகள் உலகில் மிகச் சில. தமிழை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. அடையாளம் மறைய வேண்டிய வேலைக்கு மட்டும் டோர் உலாவியை எடுத்துக்கொள்ளுங்கள். அது நேரத்தை கிரீன்விச் நேரமாகவும் எழுத்துருக்களை எல்லோருக்கும் ஒன்றாகவும் காட்டும். அதில் நீட்சிகள் எதையும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் மற்ற டோர் பயனர்களிடமிருந்து நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

அவசரத்துக்கு முன்பே

இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 3 ஏப்ரல் 2022 அன்றும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. ஒவ்வொரு முறையும் மக்கள் விபிஎன் செயலிகளைத் தேடி ஓடினார்கள். அத்தகைய வேளையில் ஆராய்ந்து பார்க்க அவகாசம் இருக்காது. கண்ணில் பட்ட முதல் இலவசச் செயலியை நிறுவி, அதற்குத் தொடர்பு எண்கள் முதல் இருப்பிடம் வரை எல்லா அனுமதியும் கொடுத்துவிடுவோம். அமைதியான நாளிலேயே நம்பகமான ஒன்றைத் தேர்ந்து நிறுவி, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். டோர் உலாவியின் பிரிட்ஜ் வசதியையும் ஒருமுறை இயக்கிப் பழகிக்கொள்வது நல்லது. டோர் தடுக்கப்பட்ட இடத்திலும் அது பல வேளைகளில் வழி திறந்துவிடும்.

வங்கி வேலைகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம். வங்கிக்கு நீங்கள் யார் என்று தெரிந்தே இருக்கிறது. திடீரென வேறு நாட்டு முகவரியிலிருந்து நுழைந்தால், கணக்கைத் தற்காலிகமாக முடக்கிவிடவும் கூடும்.

வேலை முடிந்ததும் அந்தத் தனி உலாவியின் குக்கிகளை அழித்து மூடுங்கள். கைபேசியில் வைஃபைக்கு ப்ராக்ஸி கொடுத்திருந்தால் அதை மீண்டும் 'நன்' என்று மாற்றுங்கள். இதை மறந்தவர்கள்தான், ப்ராக்ஸி சேவை நின்றுபோன நாளில், வீட்டு இணையமே பழுதாகிவிட்டது என்று இணைப்பு நிறுவனத்தை அழைக்கிறார்கள். விண்டோஸில் கணினி முழுவதற்குமாக அமைத்திருந்தால், 'நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட்' பகுதியில் 'ப்ராக்ஸி' என்பதைத் திறந்து, கைமுறை அமைப்பு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாக ஐபி முகவரியைக் காட்டும் பக்கத்தை மறுபடி திறந்து, தாளில் முதலில் எழுதிய எண்ணோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். எண் ஒன்றேயானால் ப்ராக்ஸி விலகிவிட்டது. இடையில் இணைப்பு அறுந்து மீண்டிருந்தால் எண் மாறியிருக்கலாம். அப்போது அந்த எண் உங்கள் இணைப்பு நிறுவனத்துக்கு உரியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.